குலுக்கைக்குள் ஒரு குரோஸ்

எங்கள் வீட்டு அடுப்படியை ஒட்டி ஒரு குலுக்கை நின்றது. மண்ணோடு வைக்கோலைக் குழைத்து, உறை உறையாக ஏற்றி, சாணி மெழுகிய ஆள் உயரத் தானியக் கூடு. மேலே தானியம் கொட்ட ஒரு வாய். கீழே கை நுழையும் அளவுக்கு இன்னொரு வாய். அதற்குத் துணிச் சுருள் அடைப்பு. கம்பும் சோளமும் நிறைந்திருக்க வேண்டிய அந்தக் கூடு, வானம் பார்த்த எங்கள் கரிசல் பூமியில் மழை தவறிய வருடங்களில் வெறுமனே நிற்கும். அந்த வெற்றிடம் எனக்கு உதவியது. நான் வரைந்த படங்களைக் கீழ்வாய் வழியாக உள்ளே தள்ளி, துணியை மறுபடி அடைத்துவிடுவேன். பத்து வயதில் என்னிடம் இருந்த ஒரே ரகசியம் அதுதான்.

எங்கள் ஊர் கோவில்பட்டிக்கும் கழுகுமலைக்கும் நடுவே, பருத்திக் காடுகளுக்குள் இருந்தது. விடியுமுன்னே தீப்பெட்டி ஆபீஸ் வேன் வந்துவிடும். தொழிற்சாலை என்று எங்கள் பக்கம் யாரும் சொல்வதில்லை, ஆபீஸ்தான். தூக்குவாளியோடு பெண்களும் என் வயதுப் பிள்ளைகளும் ஏறிப் போவார்கள், இருட்டிய பிறகு இறங்குவார்கள். கல்கத்தாவுக்குப் போய்த் தொழில் கற்றுவந்து, 1923-ல் சிவகாசியில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தொடங்கிவைத்த தொழில் அது. சாத்தூர், கோவில்பட்டி என்று பரவி, மழையை மட்டுமே நம்பிக் கிடந்த ஊர்களுக்குக் கஞ்சி ஊற்றியது. என்னோடு ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளில் பலரை நான்காம் வகுப்புக்குள் வேனில் ஏற்றிக்கொண்டு போனதும் அதே தொழில்தான். "எம்மகளை வேன்ல ஏத்த மாட்டேன்" என்று அம்மா ஒரே பிடியாக நின்றாள். அதற்கு ஈடாக வீட்டில் உட்கார்ந்து பெட்டி ஒட்டினோம்.

திண்ணையில் அம்மா, ஆச்சி, நான். நடுவில் சிரட்டையில் பசை. மெல்லிய மரச்சீவலில் மடிப்புக் கோடு ஏற்கெனவே விழுந்திருக்கும். கோடு பிசகாமல் மடித்து, நீலத்தாளில் விரல் நுனியால் பசை இழுத்து, சுற்றி, அடியை மடக்கி அமுக்கினால் அடிப்பெட்டி. 144 பெட்டி சேர்ந்தால் ஒரு குரோஸ். கூலி குரோஸ் கணக்கில்தான். பள்ளிக்கூடம் போகுமுன் கொஞ்சம், வந்த பிறகு விளக்கு வைத்துக்கொண்டு கொஞ்சம் என்று நான் ஒருத்தியே இரண்டு குரோஸ் ஒட்டுவேன். நீலச் சாயம் விரல் நுனியில் ஏறி, சோறு பிசையும்போதுகூடப் போகாது.

மரச்சீவலும் தாளும் வரும் மூட்டைக்குள் சில நாள் அச்சு பிசகிய லேபிள்கள் கிடக்கும். மயில், யானை, கப்பல், தாமரை, மணி. மயிலின் நீலம் மயிலை விட்டு ஒரு நூல் தள்ளி விழுந்திருக்கும். கப்பலின் சிவப்பு கடலில் கிடக்கும். மற்றப் பிள்ளைகள் அவற்றை வைத்து விளையாடுவார்கள். நான் திருப்பிப் பார்ப்பேன். பின்பக்கம் வெள்ளை வெளேரென்று இருக்கும். நோட்டுக்கே வழியில்லாத வீட்டில் அந்த வெள்ளை பெரிய சொத்து. பென்சில் துண்டும் அடுப்புக்கரியும் கோடு இழுக்க, வண்ணத்துக்கு மஞ்சள்தூள், நீலம் வேண்டுமென்றால் பெட்டித் தாளை நனைத்துப் பிழிந்தால் போதும். என் படங்களெல்லாம் தீப்பெட்டியின் அளவுதான். ஆச்சியின் காது, அதில் தொங்கும் பாம்படம், மடியில் தூங்கும் பூனை, கிணற்றுக் கமலை. எல்லாமே இரண்டு விரல் அகலத்துக்குள் அடங்கிவிடும்.

எனக்குப் படம் சொல்லிக்கொடுத்தது சுவரில் தொங்கிய காலண்டர்கள். வருடம் முடிந்தால் தேதிக் கட்டைக் கிழித்துவிட்டு, படத்தை மட்டும் சட்டம் போட்டு மாட்டிவைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். லட்சுமியும் முருகனும் மீனாட்சி கல்யாணமும் அப்படித்தான் ஒவ்வொரு வீட்டுக்கும் நிரந்தரமாக வந்து சேர்ந்தார்கள். ஆச்சி வீட்டில் கஜேந்திர மோட்சம் இருந்தது. முதலை கவ்விய காலோடு தும்பிக்கையைத் தூக்கி நிற்கும் யானை. அந்த யானையின் கண்ணை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. வலியும் நம்பிக்கையும் ஒரு சின்னக் கண்ணுக்குள் எப்படி வந்தன? படத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் கொண்டையராஜு என்றிருந்தது. அது ஒரு மனிதரின் பெயர் என்றே எனக்கு அப்போது தெரியாது.

ஐந்தாம் வகுப்பில் அது நடந்தது. பள்ளி ஆண்டுவிழாவுக்குக் கரும்பலகையில் மயில் வரைய வேண்டும். நான் படம் போடுவேன் என்று யாரோ ஒரு பிள்ளை வாத்தியாரிடம் சொல்லிவிட்டது. "எங்க, வா பாப்போம்" என்று சாக்பீஸைக் கொடுத்தார். இரண்டு விரல் அகலத்துக்கு மேல் நான் வரைந்ததே இல்லை. பலகை எனக்கு எங்கள் கண்மாய் போலத் தெரிந்தது. கை நடுங்கியது. மயிலின் கழுத்து கோணியது. அழித்துவிட்டு மறுபடி இழுத்தேன், இன்னும் கோணியது. சாக்பீஸ் ஒடிந்து விழுந்தது. "கோழி சார், கோழி!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல், பிறகு வகுப்பே சிரித்தது. வாத்தியாரும் சிரித்தபடி சொன்னார்: "பெட்டி ஒட்டுற கைக்கு இதெல்லாம் வராது. போய் உக்காரு."

அவர் அடித்திருந்தால் அன்றைக்கே மறந்திருப்பேன். அந்த வாக்கியம் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. என் நீல விரல்களை அன்று முதல்முறையாகப் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டேன். அன்றிலிருந்துதான் படங்கள் குலுக்கைக்குள் போகத் தொடங்கின. வரையாமல் இருக்க முடியவில்லை. வரைந்ததை யாரும் பார்ப்பதையும் தாங்க முடியவில்லை. கரும்பலகைக்குக் கூப்பிடுவார்களோ என்று வயிற்றுவலி என்று சொல்லிப் பள்ளிக்கூடம் போகாத நாட்கள் உண்டு. பயம் என்னைப் பிடித்திருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. எனக்கு வராது என்பது உண்மை, அவ்வளவுதான் என்று நம்பினேன். சிறுவயதுப் பயத்தின் கொடுமையே அது உண்மையைப் போல வேடம் போட்டுக்கொண்டு வருவதுதான்.

அடுத்த வருடம், 1981 தையில், நல்ல மகசூல். கம்பு அறுத்துக் களத்துக்கு வந்ததும், அம்மா குலுக்கையைத் துடைத்து மெழுக ஆரம்பித்தாள். நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். திரும்பி வந்தபோது அம்மா திண்ணையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். முன்னால் என் லேபிள்கள், பெட்டி அடுக்குவது போலப் பன்னிரண்டு பன்னிரண்டாக அடுக்கியிருந்தன. எனக்கு மூச்சே நின்றுவிட்டது. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, எண்ணத் தெரியும். ஒவ்வொரு அடுக்காக விரல் வைத்து எண்ணி முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ஏட்டி, ஒரு குரோஸுக்கு மேல இருக்கே!"

அவள் வாழ்க்கையில் உழைப்பை அளக்க இருந்த ஒரே அளவை அதுதான். அந்த அளவையால் என் படங்களை அளந்தாள். நன்றாக இருக்கிறது என்றோ, எதற்கு இந்த வேலை என்றோ அவள் சொல்லவில்லை. பாம்படம் போட்ட ஆச்சியின் காதை மட்டும் எடுத்து, வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பங்குனியில், சித்திரைக் கொடைத் திருவிழாவுக்காகக் காளியம்மன் கோயில் சுவரில் படம் எழுத கோவில்பட்டியிலிருந்து ஒருவர் வந்தார். கடைகளுக்கு போர்டு எழுதுபவர். கோயில் சுவர், நாடகப் படுதா, கட்சிச் சுவர் எல்லாம் எழுதுவார். ஆர்ட்டிஸ்ட் அண்ணாச்சி என்று கூப்பிட்டார்கள். ஏணியும் பெயின்ட் டப்பாக்களும் சுவரடியில் வந்து இறங்கியதும் பிள்ளைகள் மொய்த்துக்கொண்டார்கள். நான் வேப்பமரத்துக்குப் பின்னால் நின்று பார்த்தேன். மூன்றாம் நாள் மத்தியானம், அந்நிய ஆம்பளைகளிடம் முகம் கொடுத்துப் பேசியே அறியாத என் அம்மா, மடி நிறைய லேபிள்களைக் கட்டிக்கொண்டு, என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் நின்றாள். மடியை அவிழ்த்தாள்.

"அண்ணாச்சி, எம்மக போட்டது. இது உருப்படுமான்னு பாத்துச் சொல்லுங்க."

இன்று நினைத்தாலும் அந்தக் காட்சியில் எனக்கு அம்மாவின் கழுத்துதான் தெரிகிறது. வேர்த்து, நரம்பு துடித்துக்கொண்டிருந்தது. என்னைவிட அதிகமாக அன்றைக்குப் பயந்தவள் அவள்தான். பயந்துகொண்டேதான் வந்திருந்தாள்.

அவர் கையைத் துணியில் துடைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். "எல்லாம் ஏன் தாயி இம்புட்டு சின்னதா இருக்கு?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. அம்மா கிள்ளினாள். அழுகையோடு வாத்தியார் சொன்னது வெளியே வந்துவிட்டது. பெட்டி ஒட்டுற கைக்கு வராதாம் மாமா.

"கையை நீட்டு பாப்போம்."

நீட்டினேன். நீல விரல்கள் நடுங்கின.

"ஒரு நாளைக்கு எத்தன பெட்டி?"

"ரெண்டு குரோஸ்."

"கோணலா மடிப்பியா?"

"கோணுனா கழிச்சிருவாங்க மாமா."

"அப்ப இந்தக் கைக்குக் கோடு நல்லாத் தெரியும்" என்றார். பிறகு தன் வலக்கையை என் கைக்குப் பக்கத்தில் நீட்டினார். முப்பது வருடம் தூரிகை பிடித்த கை. உற்றுப் பார்த்தேன். அந்த விரல் நுனிகளும் மெல்ல நடுங்கிக்கொண்டிருந்தன.

"பாத்தியா? கைன்னு இருந்தா நடுங்கும் தாயி. அதுக்குத்தான இந்தக் குச்சி."

ஏணியில் சாய்த்து வைத்திருந்த ஒரு மூங்கில் குச்சியை எடுத்தார். இரண்டு முழம் இருக்கும். நுனியில் பழந்துணியைப் பந்தாகச் சுற்றியிருந்தது. இடக்கையால் குச்சியைப் பிடித்து, துணிப்பந்தைச் சுவரில் ஊன்றி, வலக்கை மணிக்கட்டை அதன்மேல் வைத்து ஒரு கோடு இழுத்தார். முருகன் வேலின் விளிம்பு, கத்தியால் கீறியது போல விழுந்தது. மூன்று நாளாக அந்தக் குச்சியைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், எதற்கென்று தெரியவில்லை. கை நடுங்காதவர்கள்தான் ஓவியர் ஆகிறார்கள் என்று நினைத்திருந்தேன். நடுங்கும் கைகளுக்காகவே அந்தத் தொழில் ஒரு கருவியை வைத்திருக்கிறது என்று அன்று தெரிந்துகொண்டேன். இந்த ஒரு விஷயத்தை வகுப்பில் யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் ஒரு வருடம் வயிற்றுவலி வந்திருக்காது.

அன்று சாயங்காலத்திலிருந்து, பெட்டி ஒட்டி முடித்ததும் கோயிலுக்கு ஓடினேன். முதலில் தூரிகை கழுவும் வேலை. அடுத்து நூல் அடிக்கும் வேலை. காவிப்பொடி தோய்த்த நூலை அவர் ஒரு முனையிலும் நான் மறுமுனையிலும் இழுத்துப் பிடிக்க, நடுவில் சுண்டிவிட்டால் சுவரில் நேர்கோடு விழும். குறுக்கும் நெடுக்கும் அடித்தால் கட்டங்கள். கையில் இருக்கும் சின்னக் காலண்டர் படத்திலும் பென்சிலால் அதே எண்ணிக்கையில் கட்டங்கள். சின்னக் கட்டத்தில் இருப்பதைப் பெரிய கட்டத்துக்கு எடுத்துப் போக வேண்டும்.

"முழுச் சுவரையும் பாத்தா எனக்கே கிறுகிறுன்னு வரும். ஒரு கட்டத்தைப் பாரு. அதுல ஒரு வளைவு, ஒரு கோடு. அம்புட்டுதான்" என்றார். எனக்குச் சட்டென்று பிடிபட்டது. இரண்டு குரோஸ் என்று நினைத்தால் கை ஓடாது. இந்தப் பெட்டி, அப்புறம் அடுத்த பெட்டி என்றுதான் நாங்கள் ஒட்டுவோம். என் கைக்கு ஏற்கெனவே தெரிந்த வித்தைதான் இது. கண்மாய் போலத் தெரிந்த கரும்பலகை அன்று என் மனதில் நூற்றுக்கணக்கான தீப்பெட்டிகளாகப் பிரிந்து நின்றது.

முருகனின் மயிலுக்குத் தோகை பாக்கியிருந்தபோது, ஒரு தோகைக் கண்ணை எனக்கு விட்டுக்கொடுத்தார். தயங்கினேன். பிசகினால்? அவர் மண்ணெண்ணெய் நனைத்த துணியைக் காட்டினார். "கழுகுமலை வெட்டுவான் கோயிலப் பாத்திருக்கேல்ல? மேலருந்து கீழ பாறையைக் குடைஞ்சுக்கிட்டே வந்திருக்கான். ஒரு சில்லு பிசகித் தெறிச்சா திரும்ப ஒட்ட முடியாது. அவனே துணிஞ்சு உளியை வச்சான். நமக்குத் துடைக்கத் துணி இருக்கு, உனக்கென்ன?"

வெட்டுவான் கோயிலை நான் பார்த்திருந்தேன். எட்டாம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்தில் ஒற்றைப் பாறையில் செதுக்கத் தொடங்கி, அடிப்பகுதி முடியாமலே நின்றுபோன கோயில். முடியவில்லை என்பதற்காக யாரும் அதைக் குறைத்துப் பேசுவதில்லை. செதுக்கிய வரைக்கும் பார்த்துத்தான் ஆயிரத்து இருநூறு வருடமாக ஊர் வாய்பிளந்து நிற்கிறது.

குச்சியை ஊன்றினேன். மணிக்கட்டை வைத்தேன். நடுக்கம் போகவில்லை, ஆனால் அது குச்சியில் இறங்கிவிட்டது, தூரிகைக்கு வரவில்லை. முதல் கண்ணைத் துடைத்தேன். இரண்டாவதையும் துடைத்தேன். மூன்றாவது நின்றது. அவர் எதுவும் சொல்லாமல் அடுத்த தோகைக்குக் கை காட்டினார். கொடைக்கு முந்தின நாள் இரவு, பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில், மயிலின் தோகையில் பதினேழு கண்கள் என்னுடையவை.

வேலை முடிந்ததும் சுவரின் கீழ்மூலையில் தன் பெயரை எழுதினார். பிறகு தூரிகையை என்னிடம் நீட்டி, கீழே உன் பேரையும் எழுது என்றார். நான் பின்வாங்கினேன். அப்போதுதான் ஆச்சி வீட்டு யானைக்குச் சொந்தக்காரரைப் பற்றிச் சொன்னார். சி. கொண்டையராஜு, 1898-ல் பிறந்தவர், சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். துறவு நாட்டத்தில் ரமணாசிரமத்தில் கொஞ்சகாலம் இருந்துவிட்டு, நாடகக் கம்பெனிக்குப் படுதா எழுதப் போனார். கோவில்பட்டிக்கு வந்த இடத்தில் கம்பெனி கலைந்துபோக, அங்கேயே தங்கி, தேவி ஆர்ட் ஸ்டூடியோவில் உட்கார்ந்து, சீடர்களை உருவாக்கினார். சிவகாசியில் அச்சான அவருடைய தெய்வங்கள் ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தன. 1976-ல் மறைந்தார். "அவர் படத்துல பாத்தா, சீடர் சுப்பையா பேரும் கூடவே இருக்கும். கூடக் கை வச்சவன் பேரும் இருக்கணும் தாயி. அதான் நம்ம ஊர்த் தொழில் தர்மம்."

பெயரின் முதல் எழுத்தை மட்டும் எழுதினேன். அம்மா கூட்டத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த எழுத்தை அவளால் படிக்க முடியாது. ஆனால் அது எங்கே இருக்கிறது என்று ஊருக்கே காட்டினாள்.

அதன் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அரசு தொழில்நுட்பத் தேர்வில் டிராயிங் லோயர், பிறகு ஹையர் எழுதித் தேறினேன். ஒவ்வொரு தேர்வுக்கும் பஸ் ஏறும்போது வயிறு பிசைந்தது. ஆசிரியப் பயிற்சி முடித்து, முப்பது வருடங்களாகப் பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியை. கூடவே கதைகளுக்குப் படம் வரைகிறேன். வெள்ளைத் தாளை விரித்தால் இன்றும் கை முதலில் நடுங்கத்தான் செய்கிறது. பயம் போன பிறகு வரையலாம் என்று காத்திருந்தால் நான் ஒரு படமும் வரைந்திருக்க மாட்டேன்.

காலம் கடந்துவிட்டது என்று சொல்பவர்களுக்கு எங்கள் பக்கத்து மனிதர் ஒருவரைத்தான் நான் காட்டுவேன். கோவில்பட்டிக்குத் தெற்கே இடைசெவலில் விவசாயம் பார்த்துக்கொண்டிருந்த கி. ராஜநாராயணன், எட்டாம் வகுப்பைத் தாண்டாதவர்; இளமையில் காசநோயோடு போராடியவர். கதை எழுதத் தொடங்கும்போது முப்பது வயதைத் தாண்டியிருந்தார். நாங்கள் திண்ணையில் பேசும் பேச்சையே அப்படியே எழுதினார். அந்தப் பேச்சுக்கு 1991-ல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. புதுவைப் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக அழைத்தது. இது எழுத்துக்கு ஆகுமா என்று அவர் தன் பேச்சைக் குலுக்கைக்குள் போட்டு அடைத்திருந்தால் கரிசலுக்கு ஒரு குரல் இல்லாமல் போயிருக்கும்.

காளியம்மன் கோயில் சுவர் சில வருடங்களிலேயே வெள்ளையடிக்கப்பட்டுவிட்டது. வீட்டை எடுத்துக் கட்டியபோது குலுக்கையையும் உடைத்தார்கள். ஆர்ட்டிஸ்ட் மாமா காலமாகிவிட்டார், அம்மாவும் இல்லை. என் வகுப்பறை மூலையில், நுனியில் துணி சுற்றிய மூங்கில் குச்சி ஒன்று எப்போதும் சாய்ந்திருக்கிறது. கை நடுங்கும் பிள்ளையிடம் நான் முதலில் கொடுப்பது அதைத்தான்.

உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை எதையோ எழுதி, வரைந்து, எங்கோ ஒளித்துவைத்திருக்கலாம். ஒருவேளை அந்தப் பிள்ளை நீங்களாகவும் இருக்கலாம். நன்றாக இருக்கிறதா, இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல அவசரப்பட வேண்டாம். வெளியே எடுங்கள். திண்ணையில் பரப்பி, என் அம்மா செய்தது போல, முதலில் எண்ணிப் பாருங்கள்.